சனிக்கிழமை சங்கதி: வென்ட்வேர்த்-வில்லும் மூணு கால்களும்

ரெண்டு வாரமா சங்கதி எதுவும் வரலையே, ஆள் இருக்கானா இல்லையான்னு மூணு பேர் (ஆமா, மூணே பேர்தான்) கேட்டிருந்தீங்க. ஆணி அதிகம். நம்ம பதிவர்கள் வழக்கமா ஆபீஸ்ல புடுங்கற ஆணி இல்லை. நிஜ ஆணி, நிஜ சுத்தியல், நிஜ மரத்தூள். கையில ரெண்டு சிலாம்பு இன்னும் அப்படியே இருக்கு.

வில்வித்தைப் பயிற்சிக்கு இலக்கைத் தாங்கி நிற்க ஒரு ஸ்டாண்டு செய்துகொண்டிருந்தேன். ஒரு ஸ்டாண்டுக்கு ரெண்டு வாரமான்னு சிரிக்காதீங்க. மலிவா இருக்கணும், கார் இல்லாத ஒரு மாணவன் தனியாகத் தூக்கிக்கொண்டு ரயிலேற முடியணும், காற்றில் கவிழக்கூடாது. இந்த மூணுல எந்த ரெண்டை வேணும்னாலும் அரை நாள்ல செஞ்சிடலாம். மூணாவதைச் சேர்க்கும்போதுதான் தூக்கம் போகுது.

வில்லுக்கும் எனக்கும் என்ன சம்பந்தம்? முதல்ல முகவரியைப் பாருங்க. வென்ட்வேர்த்-வில். டார்சி வென்ட்வேர்த் என்ற வெள்ளைக்காரருக்குக் கிடைத்த நிலம் என்பதால் அவர் பெயர் வந்தது, பின்னால் இருக்கும் 'வில்' பிரெஞ்சுக்காரர்கள் ஊருக்குச் சொல்வது என்று விவரம் தெரிந்தவர்கள் சொல்வார்கள். சொல்லிட்டுப் போகட்டும். ஸ்டேஷனை விட்டு வெளியே வந்தால் தமிழ்க் கடை, கொஞ்ச தூரத்தில் மேஸ் ஹில்லில் முருகன் கோயில் என்று இருக்கிற ஊரில், பெயர்ப் பலகையில் 'வில்' என்று போட்டிருந்தால் நமக்கு வேற அர்த்தமா தோணும்? சேரனுடைய கொடியிலேயே வில் இருந்ததுங்க. நான் சேந்தமங்கலத்துக்காரன் வேற. அதாவது கொல்லிமலை அடிவாரம். அதாவது வல்வில் ஓரி எனக்கு மாமா மச்சான் முறை. :)

துப்பாக்கியா என்று கேட்காதீர்கள். சிட்னியில் இப்போது யாரும் அந்தச் சொல்லை லேசாகச் சொல்வதில்லை. 1996இல் போர்ட் ஆர்தரில் 35 பேர் செத்த பிறகு இந்த நாட்டில் துப்பாக்கிச் சட்டங்கள் தலைகீழாக மாறின. நியூ சவுத் வேல்ஸில் காற்றுத் துப்பாக்கிக்குக்கூட லைசென்ஸ் வேண்டும். 2025 டிசம்பர் 14 அன்று பான்டை கடற்கரையில் நடந்ததற்குப் பிறகு சட்டம் இன்னும் இறுகியிருக்கிறது. இறுகட்டும். படிக்க வந்த பையனுக்கு வில் போதும். குறுக்குவில்தான் இங்கே தடை செய்யப்பட்ட ஆயுதம். சாதாரண வில்லுக்குத் தடையில்லை. அதுக்காக ரிங்ரோஸ் பார்க்கில் போய் அம்பு விடலாம்னு அர்த்தம் இல்லை. வீட்டுக் கொல்லையும் வேண்டாம். எங்கள் கொல்லைக்கு அந்தப் பக்கம் ஒரு பாட்டி துணி காயப் போடுகிறார். ஒலிம்பிக் வில்லில் புறப்படும் அம்பு மணிக்கு 200 கிலோமீட்டரைத் தாண்டும். என் வில்லில் அவ்வளவு இல்லை, ஆனா பாட்டிக்கு அது போதும்.

ஓரி மாமா கதைக்கு வர்றேன். புறநானூற்றில் 152ஆம் பாட்டு, வன்பரணர் பாடியது. ஓரி விட்ட ஒரே அம்பு யானையை வீழ்த்தி, புலியின் திறந்த வாய்க்குள் போய், மானை உருட்டி, பன்றியைச் சாய்த்து, கடைசியில் புற்றுக்குள் இருந்த உடும்பில் போய்த் தைத்தது. பள்ளிக்கூடத்தில் இதைப் படிக்கும்போது 'ஆஹா, என்ன வில்லு'ன்னு கை தட்டினோம். இப்ப ஒரு கிளப்பில் சேர்ந்து, பாதுகாப்பு விதியெல்லாம் கேட்ட பிறகு படித்தால் அடிவயிறு கலங்குது. இலக்குக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று பார்க்காமல் விட்ட அம்பு! நாலு உயிரைத் தாண்டிப் போயிருக்கு! அதைக் கடைசியில் நிறுத்தியது எது என்று பாருங்கள். மண். கரையான் கட்டின புற்று. இங்கிலாந்தில் 1363இல் மூன்றாம் எட்வர்ட் ராஜா, ஞாயிறும் விடுமுறை நாளும் ஆண்கள் எல்லாரும் வில் பழக வேண்டும் என்று ஆணை போட்டார். அங்கே ஊர்ப்புறத்தில் அம்பு விட்டுப் பழகியது பெரும்பாலும் மண் மேட்டின் மேல்தான். அந்த மேட்டுக்கு 'பட்' என்று பெயர். இன்றைக்கு அம்பு குத்தி நிற்கிற தடிமனான ஃபோம் கட்டிக்கும் அதே பெயர்தான். நான் அதை மெத்தை என்று சொல்லிக்கொள்கிறேன், இந்தப் பதிவு முழுக்க.

சிட்னிக்கும் இதில் ஒரு பங்கு இருக்கு. 2000 ஒலிம்பிக்கில் ஆண்கள் தனிநபர் வில்வித்தையில் தங்கம் வாங்கியது ஆஸ்திரேலியாவின் சைமன் ஃபேர்வெதர். அந்தக் களம் ஒலிம்பிக் பார்க்கில் இன்னும் இருக்கிறது. வென்டியிலிருந்து கிளம்பி லிட்கம்மில் மாறிப் போகணும். போய்ப் பார்த்தால் வரிசையாக இலக்குகள், பச்சைப் புல், ஒரு ஈ காக்கா சத்தம் இல்லை. கோயில் மாதிரி இருக்கும்.

நான் சேர்ந்த கிளப் அந்த ரகம் இல்லை. பேர் வேண்டாம். பள்ளிப் பிள்ளைகள் பந்து விளையாடும் ஒரு மைதானத்தை வாரத்துக்கு ஒரு நாள் மூணு மணி நேரம் வாங்கி வைத்திருக்கிறார்கள். போனதும் எல்லாத்தையும் நட்டு, முடிந்ததும் எல்லாத்தையும் பிடுங்கிவிட வேண்டும். மெத்தைகளை ஒரு சின்ன ஷெட்டில் வைக்க இடம் இருக்கு. ஸ்டாண்டுகளுக்கு இடமில்லை. யாரோ ஒரு உறுப்பினர் என்றைக்கோ வெல்டு பண்ணித் தந்த இரும்பு ஸ்டாண்டுகள், மடக்க முடியாதவை, ஷெட்டுக்கு வெளியே மழையில் கிடந்து துருப்பிடித்துவிட்டன. போன செப்டம்பரில் ஒரு பலத்த காற்று அடிச்சுது பாருங்க, அதில் ஒன்று அப்படியே முகம் குப்புற விழுந்தது. மெத்தையில் குத்தி நின்றிருந்த ஆறு கார்பன் அம்புகள் அதன் அடியில். அத்தனையும் காலி. யாரும் அப்போது கோட்டைத் தாண்டிப் போகவில்லை, அது கடவுள் செயல். ஒரு நிமிஷம் முன்னாடின்னா ஏழாம் வகுப்புப் பையன் ஒருத்தன் அதன் முன்னால் நின்று அம்பு பிடுங்கிக்கொண்டிருந்தான்.

கடையில் புதுசா வாங்கலாம்னு விலை பார்த்தோம். ஒண்ணு நூற்றைம்பது டாலருக்குக் குறையலை. கிளப் கஜானாவில் இருந்ததை இங்கே சொன்னால் நீங்களே ஆளுக்கு அஞ்சு டாலர் அனுப்பிவிடுவீர்கள். 'கட்டடப் பொறியியல்தானே படிக்கிற, நீ ஒண்ணு செஞ்சு காட்டேன்' என்றார் செயலாளர். மாட்டினேன்.

கொஞ்சம் கணக்கு. கணக்கு பிடிக்காதவர்கள் அடுத்த மூணு பத்தியைத் தாண்டிடலாம், கோவிச்சுக்க மாட்டேன்.

இலக்கின் நடுப்புள்ளி தரையிலிருந்து 130 செ.மீ. உயரத்தில் இருக்க வேண்டும், அஞ்சு செ.மீ. முன்னப்பின்ன ஆகலாம் என்பது உலக விதி. மெத்தை நேராக நிற்காமல் பின்பக்கம் சற்றே சாய்ந்திருக்க வேண்டும். நான் 12 டிகிரி எடுத்துக்கொண்டேன். இந்தச் சாய்வு சும்மா அழகுக்கு இல்லை. தூரத்திலிருந்து வரும் அம்பு கடைசியில் இறங்கிக்கொண்டே வரும்; மெத்தை சாய்ந்திருந்தால்தான் அது செங்குத்தாகத் தைக்கும். தவிர, சாய்ந்த மெத்தை தன் எடையாலேயே ஸ்டாண்டில் உட்கார்ந்துகொள்ளும். எங்கள் மெத்தை 90க்கு 90 சதுரம், 20 செ.மீ. தடிமன், சுமார் 12 கிலோ.

முன்கால்கள் ரெண்டு, ஆளுக்கு 180 செ.மீ. உச்சியில் சேர்ந்து, அடியில் 90 செ.மீ. விரியும். பைன் மரம், 70க்கு 35 மில்லிமீட்டர், பன்னிங்ஸில் அந்த நீளத்திலேயே கிடைத்தது, அறுக்கிற வேலை மிச்சம். மெத்தை உட்காரும் ஆப்பு, காலின் அடியிலிருந்து 87 செ.மீ.யில். வெறும் கணக்குக்கு 91 வரும். ஆனா மெத்தைக்கு 20 செ.மீ. தடிமன் இருக்கே, சாய்வில் அது முன்னால் தள்ளி நிற்பதால் இலக்கின் முகம் 4 செ.மீ. உயர்ந்துவிடும். அதைக் கழித்தால் 87. ஆப்புக்கு விளக்குமாத்துக் கட்டையை அறுத்து வைத்தேன். இரும்பு போல்ட் வைத்தால் ஈஸி, ஆனா தப்பின அம்பு அதில் பட்டால் அம்பும் தெறிக்கும், நுனியும் மழுங்கும். மரத்தில் பட்டால் குத்தி நிற்கும். பிடுங்க அரை மணி நேரம் ஆகும், அது வேற விஷயம். மெத்தைக்குக் கீழே தெரிகிற கால் பகுதிக்கு மட்டும் பழைய கால்மிதி ரப்பரைச் சுற்றிவிட்டேன்.

இப்ப பின்கால். மூணும் 180ன்னு வெச்சா என்ன? பின்கால் உச்சிக்கு நேர்கீழ் இடத்திலிருந்து 58 செ.மீ.தான் பின்னால் போகும். படம் வரைந்துகொண்டிருந்தபோதே எங்கள் வீட்டுக்காரர், யாழ்ப்பாணத்து அங்கிள், கராஜில் தன் அரத்தைத் தேடிக்கொண்டு வந்தவர் எட்டிப் பார்த்தார். 'தம்பி, பின்னங்கால் நீளமா இருக்கோணும். ஏணி சாத்தேக்க அடியைத் தள்ளி வைக்கிறேல்லையோ?' அவ்வளவுதான் சொன்னார், அரத்தை எடுத்துக்கொண்டு போய்விட்டார். 190 வைத்தால் 84 செ.மீ. போகிறது. பத்தே செ.மீ. மரம் கூடினதுக்கு இருபத்தாறு செ.மீ. பின்னால் பலம். 240 செ.மீ. மரத்தில் 190 போக மீந்த 50ஐ ரெண்டாக அறுத்துக் கூராக்கினால் தரையில் அடிக்க ரெண்டு முளை. ஒரு துண்டு வீணில்லை. அம்மா பார்த்திருந்தா சந்தோஷப்பட்டிருப்பாங்க.

உச்சியை எப்படிச் சேர்ப்பது என்பதில்தான் ஒரு வாரம் ஓடியது. ஒரே போல்ட்டில் மூணையும் கோத்தால் முன்கால்கள் பக்கவாட்டில் விரியும், பின்கால் பின்னால் போகாது. கீல் வைக்கலாம்; ஆனா கீல்னா திருகு, திருகுன்னா மழை, மழைன்னா துரு. அப்பத்தான் எங்க தோட்டத்துக் கிணறு ஞாபகம் வந்தது. மோட்டார் பழுதானால் மூணு கம்பை உச்சியில் கயிற்றால் கட்டி, கிணற்று மேல் விரித்து நிறுத்தி, சங்கிலிக் கப்பி மாட்டித் தூக்குவாங்க. அந்த எடைக்கு முன்னால என் பன்னிரண்டு கிலோ மெத்தை எந்த மூலைக்கு? அந்தக் கட்டில் போல்ட்டும் இல்லை, கீலும் இல்லை. கயிறு எந்தப் பக்கமும் திரும்பும். மூணு மரத்திலும் உச்சியிலிருந்து அஞ்சு செ.மீ. கீழே ஒரு துளை, எட்டு மி.மீ. நைலான் கயிறு, பின்கால் நடுவில், ரெண்டு சுற்று, முடிச்சு. ஒரு விரல் நுழையும் அளவுக்குத் தளர்வு. தேங்காய் நார்க் கயிறு வேண்டாம், நனைந்து காய்ந்தால் இறுக்கம் மாறிக்கொண்டே இருக்கும். கால்கள் வழுக்கி அகலாமல் இருக்க அடியைச் சுற்றி முக்கோணமாக இன்னொரு கயிறு: முன்னால் 90, ரெண்டு பக்கமும் 128. இந்தக் கயிறு விறைத்து நின்றால் சாய்வு தானாகவே 12 டிகிரிக்கு வந்துவிடும், அளக்கவே வேண்டாம்.

காற்று. இதுக்காகத்தான் இவ்வளவு தூரம் வந்தோம். மணிக்கு 36 கி.மீ. காற்று இந்த மெத்தையைத் தள்ளும் விசை சுமார் 6 கிலோ எடைக்குச் சமம். கேட்க ஒண்ணுமில்லை மாதிரி இருக்கும். ஆனால் அது 130 செ.மீ. உயரத்தில் தள்ளுது. எதிர்க்காற்றில் ஸ்டாண்டு கவிழாது, ஏன்னா பின்கால் தாங்கும். பின்பக்கமிருந்து அடிக்கும் காற்றுதான் எமன். மெத்தையின் எடை முன்கால் கோட்டுக்குப் பின்னால் வெறும் 18 செ.மீ.யில் இருக்கு, காற்றின் நெம்புகோலுக்கு அது பத்தாது. முகம் குப்புற விழும், அம்புகளோட. கிளப்பில் விழுந்ததும் இப்படித்தான். பின்காலின் அடியில் பத்து கிலோ வைத்தால் ஜம்மென்று நிற்கிறது. ஆனால் பத்து கிலோ மணல் மூட்டையை யார் ரயிலில் தூக்கிக்கொண்டு போவது? பத்து லிட்டர் தண்ணீர் கேன். காலியாகப் போகும், மைதானத்துக் குழாயில் நிறைப்பேன், பின்காலில் கட்டுவேன், முடிந்ததும் ரோஜாச் செடிக்கு ஊற்றிவிட்டு வந்துவிடுவேன். இந்த ஐடியாவுக்கு மட்டும் எனக்கு ஒரு மாஸ்டர்ஸ் பட்டம் தனியாகத் தரலாம். காற்றின் வேகம் ரெண்டு மடங்கானால் விசை நாலு மடங்கு ஆகும் என்பதால், 60ஐத் தொடும்போது கேன் மட்டும் போதாது, அந்த ரெண்டு முளையையும் அடித்துக் கயிறு கட்ட வேண்டும். நிஜத்தில் அந்தக் காற்றில் அம்பு விடுகிறவன் வீட்டுக்குப் போகலாம்.

மரம், கயிறு, கேன், விளக்குமாறு எல்லாம் சேர்த்து 40 டாலருக்குள் முடிந்தது. மடக்கிக் கட்டினால் மூணு கட்டை, ஏழு கிலோ. வென்டி பிளாட்பாரத்தில் தோளில் சாய்த்துக்கொண்டு நின்றபோது ஒரு அம்மா, 'காவடியா தம்பி? மேஸ் ஹில்லுக்கா?' என்று கேட்டார். முருகா!

இத்தோட முடிச்சிருக்கலாம். ஆனா இந்த ஸ்டாண்டு எனக்கு ரெண்டு வாரத் தூக்கத்தைக் கெடுத்ததுக்குக் கிளப் மட்டும் காரணமில்லை.

ஊரில் தங்கச்சி பதினொண்ணாவது படிக்கிறா. அவளும் வில் விடுறா. நான் ஆரம்பிக்கறதுக்கு ரெண்டு வருஷம் முன்னாடியே ஆரம்பிச்சவ, என்னைவிட நல்லாவே விடுவா, இதை அவகிட்ட சொல்லிடாதீங்க. கொல்லிமலை செம்மேட்டில் ஓரி சிலை இருக்கு. ஆடி மாசம் வல்வில் ஓரி விழாவில் வில்வித்தைப் போட்டியும் நடக்கும். எழுபது கொண்டை ஊசி வளைவில் வாந்தி எடுத்துக்கொண்டே போய் அதைப் பார்த்துவிட்டு வந்தவள், மறுநாளே வில் வேணும்னு உட்கார்ந்துவிட்டாள். அப்பா அங்கே இங்கே கேட்டு ஒரு மூங்கில் வில் வாங்கித் தந்தார். நம்ம நாட்டில் இந்தியன் ரவுண்டு என்று ஒரு பிரிவு உண்டு. மூங்கில், மர வில்தான். குறிபார்க்கும் கருவி எதுவும் மாட்டக் கூடாது. 30 மீட்டர், 50 மீட்டர். வெளிநாட்டு வில்லுக்கு லட்ச ரூபாய் கொட்ட முடியாத வீட்டுப் பிள்ளைகள் இந்த வழியாகத்தான் உள்ளே வருகிறார்கள்.

அவள் பழகும் இடத்தில் ஸ்டாண்டு கிடையாது. ஒரு உடைந்த வகுப்பறை பெஞ்சைச் செங்குத்தாக நிறுத்தி, சுவரில் சாய்த்து, அதில் மெத்தையைக் கட்டியிருந்தார்கள். தப்பின அம்பு சுவரில் பட்டு உடையும். ஒவ்வொரு அம்பும் காசு. போன வருஷம் மாவட்டத் தேர்வுக்குப் போனாள். முதல் மூணு பேரை எடுப்பார்கள், இவள் நாலாவது. முதல் சுற்றில் அவளுடைய அம்புகள் எல்லாமே ஒரே இடத்தில், ஒரு கைக்குட்டை அளவுக்குள், ஆனால் இலக்குக்கு ஒரு முழம் மேலே. அதாவது கை சுத்தம், கண் சுத்தம், குறி மட்டும் வேற எங்கேயோ. அன்னைக்கு ராத்திரி போன்ல அழுதுக்கிட்டே சொன்னா: 'ண்ணா, அங்க பெஞ்சு கால் இல்லீங்ணா.'

எனக்கு முதல்ல புரியலை. அப்புறம்தான் விளங்கியது. குறிபார்க்கும் கருவி இல்லாதவர்கள் அம்பின் நுனியை எதன்மேலாவது வைத்துப் பார்ப்பார்கள். இவள் பழகின பழக்கத்தில், மெத்தைக்குக் கீழே தெரிகிற பெஞ்சின் குறுக்குச் சட்டத்தில் நுனியை வைத்தால் அம்பு நடுவில் போய்த் தைக்கும். போட்டி மைதானத்தில் ஒழுங்கான ஸ்டாண்டு. 130 செ.மீ. உயரம், மூணு கால், நடுவில் வெட்டவெளி. சட்டம் எங்கே? ரெண்டாவது சுற்றில் சுதாரித்து விட்டாள், ஆனா அதுக்குள்ள புள்ளி போயிடுச்சு. திறமை இல்லாமல் தோற்றால் மனசு ஆறிடும். நாற்பது டாலர் ஸ்டாண்டு இல்லாமல் தோற்றது எனக்கு ஆறவே இல்லை. அத்தனை மாசப் பழக்கத்தையும் ஒரு உடைந்த பெஞ்சு அல்லவா சொல்லிக்கொடுத்திருக்கிறது.

அதனால் இங்கே படம் வரைந்தபோதே அங்கே அனுப்பவும் ஒரு படம் வரைந்தேன். பைனுக்குப் பதிலாகச் சவுக்கு, நைலானுக்கு மாட்டுக் கயிறு கிடைக்கும் கடை, கேனுக்குப் பதில் மண் நிரப்பின சிமெண்டுச் சாக்கு. அங்கே யாரும் ரயிலில் தூக்கப் போவதில்லையே. அப்பா அந்தப் படத்தை எடுத்துக்கொண்டு எங்கள் ஊர்ப் பந்தல்காரரிடம் போனார். எத்தனை கல்யாணம், எத்தனை மாரியம்மன் பண்டிகை பார்த்தவர். படத்தைத் தலைகீழாப் பிடிச்சு ஒரு நிமிஷம் பார்த்தாராம். 'இதுக்கு எதுக்குங்க ஓட்டை? ஓட்டை போட்டா சவுக்கு அந்த இடத்திலயே பிளந்துக்கும்' என்று சொல்லிவிட்டு, மூணு கம்பைத் தரையில் பக்கத்துப் பக்கத்தில் கிடத்தி, கயிற்றை மேலும் கீழுமாகக் கோத்து நாலு சுற்றுச் சுற்றி, நடுக்கம்பைத் தூக்கிப் பின்னால் இழுத்தாராம். நின்றுவிட்டது. பத்து நிமிஷம்கூட ஆகலை என்கிறார் அப்பா. நான் துளை போடும் மெஷினுக்கு அங்கிளிடம் கெஞ்சின நேரம் அதைவிட அதிகம். ஆப்புக்கும் அவர் துளை போடவில்லை. ஒரு குறுக்குக் கம்பைக் கட்டிவிட்டார்.

மூணு ஸ்டாண்டு கட்டியிருக்கிறார். கூலி எவ்வளவு என்று அப்பா கேட்டதுக்கு, பாப்பா ஜெயிச்சா ஒரு வேட்டி எடுத்துக் குடுங்க என்றாராம். கம்புக்கும் கயிற்றுக்கும் மட்டும் காசு வாங்கிக்கொண்டார். சுவரை விட்டுத் தள்ளி, பின்னால் ஒரு டிராக்டர் மண் கொட்டி மேடு கட்டியிருக்கிறார்கள். புற்றுதான்! ஓரி மாமா பார்த்தால் சிரிப்பார்.

ஒரு சிக்கல் மட்டும் இருக்கு. பந்தல்காரர் கட்டிய குறுக்குக் கம்பு மெத்தைக்கு அடியில் வெளியே நீட்டிக்கொண்டு தெரிகிறது. வீடியோ காலில் காட்டும்போதே எனக்குப் பொறி தட்டியது. 'அந்தக் கம்பு மேல நுனியை வெச்சுப் பார்க்கறயா?'ன்னு கேட்டேன். ரெண்டு நொடி பேச்சே இல்லை. 'கொஞ்சூண்டு ண்ணா' என்றாள்.

கம்புக்கு முன்னால் ஒரு சாக்குத் துணியைத் தொங்கவிடச் சொல்லியிருக்கேன். தேர்வுக்கு இன்னும் ஆறு வாரம் இருக்கு. முதல் நாள் துணி கட்டியதும் முப்பது அம்பில் பதினொண்ணு மெத்தையிலேயே படலையாம், பயங்கரக் கடுப்பில் இருக்கா, என்கிட்ட பேசறதில்லை. அப்பா மூலமாத்தான் ஸ்கோர் வருது. நேத்து முப்பதில் நாலுதான் வெளியே போச்சாம்.

கிளப்பில் என் ஸ்டாண்டைப் பார்த்துவிட்டு இன்னும் அஞ்சு வேணும் என்கிறார்கள். அடுத்த சனிக்கிழமை அங்கிள் கராஜில் வேலை. வென்டி, டூங்காபி, பென்டில் ஹில் பக்கம் இருக்கிற பதிவர்கள் யாருக்காவது கை சும்மா இருந்தால் வாங்க. டீயும் வடையும் உண்டு. இந்த முறை துளை போடப்போவதில்லை, பந்தல் கட்டுத்தான்; அப்பாவை அவர்கிட்ட மறுபடி ஒரு தடவை கட்டச் சொல்லி வீடியோ எடுக்கச் சொல்லியிருக்கேன். பைன் மரம் சவுக்கு மாதிரி உருண்டையா இல்லையே, சதுர மூலையில் கயிறு வழுக்குமா அறுக்குமான்னு பார்க்கணும்.